பெயரிட்டவர் யார்? முத்துக்குளித்துறையில் ‘கிறித்தவர்’ என்னும் பெயர்

இயேசுவைப் பின்பற்றியவர்களுக்குக் ‘கிறித்தவர்’ என்ற பெயரை இட்டவர் யார்? அவர்களே சூட்டிக்கொண்டதா, ஊரார் வைத்த பட்டப்பெயரா, அதிகாரிகள் ஏட்டில் எழுதிக்கொண்டதா? விவிலிய அறிஞர்கள் சிரியாவின் அந்தியோக்கியா நகரை மையமாக வைத்து இதற்கு நெடுங்காலமாக விடை தேடிவருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சான்றுகளோ மிகக் கொஞ்சம். புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களும், ரோமானிய, யூத எழுத்தாளர்களின் சில வரிகளும்தான் முதல் தலைமுறைகளுக்கான ஆதாரம்.

இதே கேள்வியை வேம்பாற்றிலிருந்து மூக்கையூர், வேதாளை, பாம்பன் வழியாக மன்னார் வரை விரியும் கடற்கரையில் கேட்டால் நிலைமை சற்று மேல். 1530-களில் முத்துக்குளிக்கும் பரவர்கள் திருமுழுக்குப் பெற்றதற்கும் 1693-இல் ஓரியூரில் மறைப்பணியாளர் அருளானந்தர் தலை வெட்டப்பட்டதற்கும் இடையே கடிதங்கள் உண்டு, அச்சு நூல்கள் உண்டு, எதிர்வாதங்களும் உண்டு. இந்தக் காலத்தில் இப்பகுதியின் முதல் கிறித்தவர்களைச் சுற்றி மூன்று பெயர்கள் புழங்கின: கிரீசித்தியானி, பரங்கி, வேதக்காரர். அந்தியோக்கியாவில் ஒரே சொல்லின் மேல் ஏற்றப்படும் மூன்று வேலைகளை இங்கே மூன்று சொற்கள் பகிர்ந்து செய்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. அப்படிப் பார்க்கும்போது பழைய விவாதத்தின் சில முடிச்சுகள் தளர்கின்றன. சில இறுகவும் செய்கின்றன.

அந்தியோக்கியா தந்த மூன்று விடைகள்

திருத்தூதர் பணிகள் நூலின் 11-ஆம் அதிகாரம், பர்னபாவும் பவுலும் ஓராண்டு அந்தியோக்கியாவில் தங்கிப் போதித்ததைச் சொல்லிவிட்டு, சீடர்கள் அங்கேதான் முதலில் இப்பெயரைப் பெற்றார்கள் என்கிறது. இன்னோரிடத்தில் அதே நூல் இப்பெயரை அகிரிப்பா அரசனின் வாயில் வைக்கிறது. மூன்றாவது இடமான பேதுருவின் முதல் திருமுகத்தில் அது துன்புறுத்தப்படுவதற்கான காரணமாக வருகிறது. தங்களுக்குள் அவர்கள் சகோதரர், சீடர், தூயோர் என்றே அழைத்துக்கொண்டார்கள். தங்கள் சமயத்தை ‘நெறி’ என்றார்கள். யூத எதிரிகள் அவர்களை ‘நாசரேயர்’ என்றார்கள்.

நெடுநாள் செல்வாக்கோடு இருந்த விடை, அது அந்தியோக்கியா மக்கள் கேலியாக வைத்த பெயர் என்பது. அந்நகரத்தார் நையாண்டிக்குப் பேர்போனவர்கள் என்பார்கள். ஆனால் அதற்குக் காட்டப்படும் புகழ்பெற்ற உதாரணம், பேரரசர் ஜூலியனின் தாடியை அவர்கள் பரிகசித்தது. அது நடந்தது நான்காம் நூற்றாண்டில். முந்நூறு ஆண்டு பிந்திய நையாண்டியை வைத்து முதல் நூற்றாண்டுப் பெயரை விளக்குவது வலுவான வாதமாகாது.

இரண்டாவது விடை பெயரின் விகுதியிலிருந்து கிளம்புகிறது. ‘-இயானுஸ்’ என்பது இலத்தீன் விகுதி. சீசரின் ஆட்கள், பொம்பேயின் ஆட்கள், ஏரோதியர் என்று ஒரு தலைவனின் கட்சியைக் குறிக்கும் பெயர்கள் இப்படி அமைந்தவை. கிரேக்கம் பேசிய நகரத்தில் இலத்தீன் விகுதியோடு பெயர் பிறந்தால் அதை இட்டவர்கள் ரோமானிய அதிகாரிகளாக இருக்கலாம் என்று எரிக் பீட்டர்சன் போன்றோர் 20-ஆம் நூற்றாண்டில் வாதிட்டனர். இந்த விடை கவர்ச்சியானது. ஆனால் கிரேக்கம் பேசியவர்களும் அந்த விகுதியை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஏரோதியர் என்ற சொல்லே மாற்கு நற்செய்தியில் கிரேக்க வடிவில் இருக்கிறது. விகுதி மட்டும் ஆளைக் காட்டிக்கொடுக்காது.

1949-இல் எலியாஸ் பிக்கர்மன் மூன்றாவது விடையை முன்வைத்தார். திருத்தூதர் பணிகளில் உள்ள கிரேக்க வினை செய்வினை வடிவம். ஆகவே ‘அழைக்கப்பட்டார்கள்’ என்று படிக்கக் கூடாது, ‘தங்களை அப்படி அழைத்துக்கொண்டார்கள்’ என்று படிக்க வேண்டும் என்றார். மெசியாவாகிய அரசனின் ஊழியர்கள் நாங்கள் என்று அவர்களே அறிவித்துக்கொண்டதாக இது ஆகிறது. இதற்கு எதிரான வலுவான சான்று பவுலின் எழுத்திலேயே கிடக்கிறது. உரோமையர் திருமுகம் 7:3-இல் அதே வினை, கணவன் இருக்கையில் வேறொருவனோடு வாழும் பெண் விபசாரி எனப்படுவாள் என்ற இடத்தில் வருகிறது. எந்தப் பெண்ணும் தனக்குத் தானே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள மாட்டாள்.

எழுத்துக்கூட்டல் சிக்கல் இன்னொன்று உண்டு. அன்றைய உச்சரிப்பில் ‘கிறிஸ்தோஸ்’ (திருப்பொழிவு பெற்றவர்) என்பதும் ‘கிறேஸ்தோஸ்’ (நல்லவர், பயனுள்ளவர்) என்பதும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலித்தன. சினாய் மலை மடத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டுச் சுவடியில் புதிய ஏற்பாட்டின் மூன்று இடங்களிலும் முதலில் எழுதியவர் இரண்டாவது வடிவத்தையே எழுதியிருக்கிறார். டாசிட்டஸின் வரலாற்றுச் சுவடியிலும் ‘எ’ என்ற எழுத்து ‘இ’ ஆகத் திருத்தப்பட்ட தடம் இருக்கிறது. மெசியா என்ற கருத்தை அறியாத காதுகள் அதை அடிமைகளுக்கு வழக்கமாக இடும் ஒரு பெயராகக் கேட்டிருக்கின்றன. வெளியார் பங்கு இதில் இருந்தது என்பதற்கு விகுதியைவிட இந்தப் பிழை நல்ல சான்று என்று படுகிறது.

போர்ச்சுகீசியருக்கு முன்

தென்னிந்தியாவில் கிறித்தவர்களைக் குறிக்கும் பெயர்கள் போர்ச்சுகீசியரோடு தொடங்கவில்லை. மலபார்க் கரையின் தோமா கிறித்தவர்களுக்கு ‘நஸ்ராணி’ என்ற பெயர் நிலைத்தது. அந்தியோக்கியாவுக்கு மேற்கே வழக்கொழிந்த ‘நாசரேயர்’ சிரியாக், அரபு மொழிகளின் வழியாக இங்கே உயிர்வாழ்ந்தது. கொல்லத்தில் 849-இல் வேணாட்டு ஐயனடிகள் அளித்த செப்பேடு ‘தரிசாப்பள்ளி’ என்ற தேவாலயத்துக்கானது. அங்குள்ள ‘தரிசா’ என்ற சொல்லைச் சிலர் நேர்மையான நம்பிக்கையாளர் என்ற பொருள்படும் சிரியாக் சொல்லோடு இணைக்கிறார்கள். வேறு சிலர் இறைவனுக்கு அஞ்சுபவர் என்ற பொருளில் கிறித்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு இணைக்கிறார்கள். முதலாவது சரியென்றால் அது உள்ளிருந்து சூட்டிக்கொண்ட பெயர். இரண்டாவதென்றால் பாரசீக உலகம் கொடுத்த பெயர். செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களில் பகலவி எழுத்து இருப்பது பாரசீகப் பக்கத்துக்கு ஓரளவு எடை கூட்டுகிறது. கொல்லத்து வணிகத்தில் பாரசீகர் இருந்தார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது.

இந்தப் பெயர்கள் எதுவும் முத்துக்குளித்துறையின் புதுக் கிறித்தவர்களுக்கு வந்து சேரவில்லை. மேற்கில் நஸ்ராணி, கிழக்கில் கிரீசித்தியானி என்று பெயர் பிரிந்ததற்குக் காரணம் திருமுழுக்குக் கொடுத்த கைகள் வேறாக இருந்தது.

பெயர் முன்னே, பொருள் பின்னே

பரவர்கள் மதம் மாறிய கதை பலமுறை எழுதப்பட்டது. முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மூண்ட பகை, குதிரை வணிகர் ஜோவாவ் த குரூஸ் சொன்ன யோசனை, பட்டங்கட்டிகள் எனப்படும் பரவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியப் பாதுகாப்பு கேட்டது, 1535 முதல் 1537 வரை நடந்த கூட்டத் திருமுழுக்கு. தொகை ஏறத்தாழ 20,000 என்று பொதுவாகக் கூறப்படுகிறது.

பெயரைப் பற்றி ஆராய்பவருக்கு இதைவிட முக்கியமான சான்று 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் எழுதிய கடிதம். கற்பிக்க ஆளில்லாததால் இக்கரையின் கிறித்தவர்களுக்குத் தங்கள் நம்பிக்கையைப் பற்றித் தாங்கள் கிறித்தவர் என்று சொல்வதற்கு மேல் எதுவும் தெரியவில்லை என்று அவர் தெரிவிக்கிறார். மறைப்பணியாளருக்கு அது குறை. நமக்கு அது அரிய தகவல். ஒரு சமூகம் முதலில் பெயரை எடுத்துக்கொண்டது, கோட்பாடு பிறகு வந்தது. அந்தப் பெயருக்குள் அப்போது இருந்தது என்ன? போர்ச்சுகீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு, முத்துப்படுகைகளின் மேல் உரிமை, பெர்னாண்டோ, மோத்தா, கொரேரா என்று ஞானப்பெற்றோரிடமிருந்து வந்த குடும்பப் பெயர்கள். சூசன் பெய்லி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதிலிருந்து ஒரு படி மேலே போகிறார்கள். மதமாற்றம் பரவரின் சாதிக் கட்டமைப்பை உடைக்கவில்லை, சாதித்தலைவரின் நிலையையும் பனிமய மாதா வழிபாட்டையும் சுற்றி அதை இறுக்கியது என்பது அவர்கள் வாதம். அதன்படி ‘கிறித்தவர்’ என்பது இங்கே ஒரு குலத்தின் இரண்டாவது பெயர்.

இந்த வாதத்தில் நிறைய உண்மை இருக்கிறது. ஆனாலும் மன்னாரில் நடந்ததை அதனால் விளக்க முடிவதில்லை. 1544-இல் சவேரியார் அனுப்பிய ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லச் செய்தான். அவர்களுக்கு அப்போது போர்ச்சுகீசியப் பாதுகாப்பும் கைகொடுக்கவில்லை, கோட்பாட்டைக் கற்கக் காலமும் இருக்கவில்லை. பாதுகாப்புக்காக எடுத்த பெயர் என்ற விளக்கம் தூத்துக்குடிக்குப் பொருந்தும் அளவுக்கு அங்கே பொருந்தாது.

பெயருக்குள் பொருளை நிரப்பும் வேலையைத் தலைமேல் ஏற்றவர் சேசு சபைக் குரு அன்றிக் அன்றிக்கஸ். கொல்லத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மொழியொன்றில் அம்மொழி எழுத்திலேயே வெளிவந்த முதல் அச்சு நூல். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான நூலுக்கு அவர் வைத்த தலைப்பு ‘கிரீசித்தியானி வணக்கம்’. இரண்டு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவரது முறை விளங்கும். கடவுளுக்குச் சைவ மரபில் பழகிய ‘தம்பிரான்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர், நம்பிக்கையாளருக்குத் தமிழ்ச் சொல் தேடாமல் போர்ச்சுகீசியப் பெயரையே எழுத்துப்பெயர்த்தார். அக்கால வினாவிடை நூல்கள் பெரும்பாலும் ‘நீ கிறித்தவனா?’ என்ற கேள்வியோடுதான் தொடங்கும். சவேரியார் கேட்டபோது பதிலாக வந்த ஒற்றைச் சொல், அன்றிக்கஸ் கையில் பாடத்தின் முதல் கேள்வியாயிற்று. குருசு, பாதிரி, சந்தியாகு என்ற சொற்களோடு அதுவும் கடற்கரைத் தமிழில் கரைந்தது. தங்கச்சிமடத்து வேர்க்காடு சந்தியாகப்பர் கோவிலுக்கு வரும் மக்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஐபீரியாவின் சந்தியாகோ என்பது நினைவில் இருக்கும்? கடன்சொல் ஊர்ச்சொல்லாவதற்கு அவ்வளவு போதும்.

பரங்கிக் குலம்

கரையில் வேலை செய்த பெயர் உள்நாட்டில் செல்லாக்காசாயிற்று. சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைத் துறவி இருந்தார். பரவ வணிகர்களையும் போர்ச்சுகீசியரையும் பேணுவது அவர் பணி. பத்தாண்டுக்கு மேலாகியும் மதுரையில் உள்ளூர் ஆட்கள் சேரவில்லை. நொபிலி கண்டறிந்த காரணங்களில் முதன்மையானது பெயர். கிறித்தவராக விருப்பமா என்பதை, பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று பொருள்படக் கேட்டுவந்தார் பெர்னாண்டஸ் என்று நொபிலி குற்றம் சாட்டினார்.

‘பரங்கி’ பிராங்க் இனத்தாரின் பெயர். சிலுவைப்போர்க் காலத்து அரபு, பாரசீக வாய்களில் மேற்கு ஐரோப்பியர் அனைவருக்குமான பெயராகி இந்தியக் கரைக்கு வந்தது. பரங்கிப்பேட்டையும் பரங்கிமலையும் பரங்கிக்காயும் நம்மிடம் விட்டுச்சென்ற சொல் அது. 17-ஆம் நூற்றாண்டு மதுரையில் அதற்கு மாட்டிறைச்சி உண்பவன், குடிப்பவன், ஆசாரமற்றவன் என்ற பொருள் ஏறியிருந்தது. தான் பரங்கி அல்லன், உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவன் என்று நொபிலி ஓலையில் எழுதி அறிவித்தார். சமயத்துக்குச் ‘சத்திய வேதம்’ என்றும் கடவுளுக்குச் ‘சருவேசுரன்’ என்றும் சொல்லமைத்தார்.

இந்தச் சச்சரவை இன்று படிக்கும்போது இரண்டு வாசிப்புகள் எதிரெதிராக நிற்கின்றன. முதலாவது நொபிலியின் சொந்த வாசிப்பு: ஆடையும் உணவும் குலமும் குடிமை வழக்கங்கள், அவற்றைச் சமயத்திலிருந்து பிரித்துவிடலாம். 1623-இல் பதினைந்தாம் கிரகோரியின் ஆணை பெரும்பாலும் இதை ஏற்றது. இரண்டாவது பெர்னாண்டஸ் தரப்பு வாசிப்பு: பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயத்திலிருந்து பிரிக்க முடியாதவை. இந்த இரண்டு தரப்பும் ஐரோப்பியருக்குள் நடத்திய போட்டியாகவே முதன்மையாக இதை வரலாற்றாசிரியர் இனெஸ் ழுபானோவ் ஆராய்கிறார். அவர் வழியில் போனால் கிடைக்கும் பயன் பெரிது. ‘மதம் வேறு, குலம் வேறு’ என்ற பிரிப்பு நொபிலி மதுரையில் கண்டெடுத்த உண்மையாக இராமல் அவர் செய்ய வேண்டியிருந்த வாதமாகத் தெரியவரும். ஆயினும் இதில் பரவர்கள் மறைந்துபோகிறார்கள். நொபிலி பரங்கிப் பெயரை உதறியபோது, அந்தப் பெயரின் நிழலில் 70 ஆண்டுகளாக வாழ்ந்த கடற்கரை மக்களையும் சேர்த்தே தள்ளி நிறுத்தினார். அவர்கள் தங்களைப் பரங்கி என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. பரவர் என்றும் பரதர் என்றும் சொன்னார்கள், கிறித்தவர் என்றும் சொன்னார்கள்.

அந்தியோக்கியா விவாதத்துக்கு இங்கிருந்து கிடைக்கும் துணுக்கு ஒன்று உண்டு. யோசேபுஸ் எழுதியதாகக் கிடைக்கும் பத்தி, பிற்காலக் கை பட்டது என்ற ஐயம் இருந்தாலும், கிறித்தவரைக் குறிக்கப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்குக் குலம், இனம் என்றே பொருள். தெர்த்துல்லியன் காலத்தில் அவர்களை ‘மூன்றாம் இனம்’ என்றும் சொன்னார்கள். ஒரு புதிய நம்பிக்கையை ஊரார் புதிய குலமாகப் பார்ப்பது தமிழகத்துச் சாதியமைப்பின் தனிவிளைவு என்று சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சேதுபதி நாட்டில் பெயரும் குற்றமும்

பித்தினியா ஆளுநர் பிளினி ஏறத்தாழ 112-இல் பேரரசர் டிராஜனிடம் கேட்ட கேள்வி சட்ட வரலாற்றில் புகழ்பெற்றது. கிறித்தவர் என்ற பெயருக்காகவே தண்டிப்பதா, அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குற்றங்களுக்காகத் தண்டிப்பதா?

இராமநாதபுரக் கரையில் இக்கேள்வி இருமுறை எழுகிறது. மண்டபத்துக்கு அருகில் வேதாளையில் 1549-இல் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று அச்சபை அவரைக் கொண்டாடுகிறது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் போர்ச்சுகீசியத் தளபதி வரி பிடுங்கியதே அவர் கொல்லப்பட்ட தாக்குதலுக்குக் காரணம் என்ற செய்தியும் கூடவே வருகிறது. தாக்கியவர்கள் அவரைக் குருவாகப் பார்த்தார்களா, பரங்கிப் படையின் ஆளாகப் பார்த்தார்களா என்பதில் ‘இரத்தசாட்சி’ என்ற சொல்லின் பொருத்தமே தங்கியிருக்கிறது. அவர் கடைசி வரை கரையில் நின்றது கிறித்தவக் குடும்பங்களைக் கப்பலேற்றுவதற்காக என்று சபையின் மரபு சொல்கிறது. அது அவருடைய நோக்கத்தை விளக்கும், கொன்றவர்களின் நோக்கத்தை விளக்காது.

ஓரியூர் வழக்கு இன்னும் சிக்கலானது. லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, பண்டாரசுவாமிக் கோலத்தில் அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் நாட்டில் போதித்தார். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற தடையோடு விடுவிக்கப்பட்டார். திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவி தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்நாட்டு அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தண்டனை நிறைவேறியது. பக்தி வரலாறுகள் இதை நம்பிக்கைக்காக வந்த மரணம் என்கின்றன. அரசியல் வரலாறு தடியத்தேவரின் அரசுரிமைக் கோரிக்கையையும் அரண்மனையின் மானத்தையும் காட்டுகிறது. இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. 1686-இல் போதனைக்குத் தடை விதித்தபோது பெயரே குற்றம். 1693-இல் தலையை வாங்கியது பெயரோடு ஒட்டிய செயல். அருளானந்தரைப் பிடித்த அரசவை அவரைப் பரங்கி என்று முடித்துவிடவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. நொபிலியின் பெயர்மாற்றம் அந்த அளவுக்கு வென்றிருந்தது. உயிரைக் காக்கும் அளவுக்கு வெல்லவில்லை.

பெயரே சட்டத்தின் பொருளாவது அதோடு முடியவில்லை. பட்டியல் சாதிகளுக்கான 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவர் என்று பதிவானவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. பிளினியின் கேள்வியில் பெயர் உயிரைப் பறித்தது, இங்கே உரிமையைப் பறிக்கிறது. தண்டனையின் அளவில் ஒப்பீடு கிடையாது. பெயரையும் செயலையும் பிரிக்க முடியாத சட்டத்தின் திணறல் இரண்டிலும் ஒன்று.

வேதக்காரர்

மூன்றாவது பெயர் தென்மாவட்டப் பேச்சில் இன்றும் கேட்கும்: வேதக்காரங்க, வேதக்கோவில், வேதத்துக்குப் போய்விட்டார்கள். நொபிலியின் ‘சத்திய வேதம்’ இதற்கு மூலம் என்பது பரவலான கருத்து. வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதிய 18-ஆம் நூற்றாண்டுக்குள் உபதேசியாரைக் குறிக்கும் சொல்லாக ‘வேதியர்’ ஊன்றிவிட்டது. உயிர்நீத்தவர் வேதசாட்சி ஆனார். தரங்கம்பாடி லுத்தரன்களும் தங்கள் நூல்களுக்கு வேத என்ற அடையையே வைத்தார்கள்.

நொபிலி ஒருவரிடமே இச்சொல்லின் முழுப் பெருமையையும் கொடுப்பது மிகை என்று தோன்றுகிறது. கிழவன் சேதுபதியின் காலத்தில் கீழக்கரையில் வள்ளல் சீதக்காதி ஆதரித்த உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் திருக்குர்ஆனுக்கு மறை, வேதம் என்ற சொற்களைக் கையாள்கிறார். இறைவன் அருளிய நூலுக்கு ‘வேதம்’ என்று சொல்வது இக்கரையில் இரு சமயத்தாருக்கும் பொதுவாகியிருந்தது. அப்படியிருக்க, கிறித்தவர் மட்டும் ‘வேதக்காரர்’ ஆனதும் முஸ்லிம்கள் ஆகாததும் ஏன்? முஸ்லிம்களுக்கு முன்னமே சோனகர், துலுக்கர், மரைக்காயர் என்று இனம், தொழில் சார்ந்த பெயர்கள் இருந்தன என்பது ஒரு விடை. ‘பரங்கி’யை உதறியவர்களுக்கு இனப்பெயர் காலியாக இருந்தது, அந்த இடத்தில் நூலின் பெயர் உட்கார்ந்தது.

இது வெளியார் இட்டதா, உள்ளிருந்து வந்ததா? இரண்டும்தான். மறைப்பணியாளர் தந்த ‘வேதம்’, ஊரார் சேர்த்த ‘காரர்’. அரிசிக்காரர், வீட்டுக்காரர் என்று எதற்கும் ஒட்டும் அந்தத் தமிழ் விகுதி, இலத்தீன் ‘-இயானுஸ்’ செய்த வேலையை இங்கே செய்கிறது. இன்ன தலைவனின் ஆள் என்று ரோமானியர் கேட்டார்கள், இன்ன பொருளுக்கு உரியவர் என்று தமிழர் கேட்டார்கள். இன்றைய கடற்கரையில் இவையும் பின்தங்கி ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தேகோஸ்து என்ற சபைப் பெயர்கள் முன்னுக்கு வந்துவிட்டன.

ஒப்பீடு எவ்வளவு தாங்கும்

கடற்கரையிலிருந்து பார்த்தால், அந்தியோக்கியாவில் வெளியார் இட்டது என்ற விடையும் தாமே சூட்டிக்கொண்டது என்ற விடையும் ஒன்றையொன்று விலக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. ‘கிறித்தவர்’ என்ற வெளிப்பெயர் ஏழு ஆண்டுக்குள் பரவர்களின் ஒரே அறிக்கையாயிற்று என்பதைச் சவேரியாரின் கடிதம் காட்டுகிறது. அதே வெளியிலிருந்து வந்த பரங்கி, நூறாண்டு ஒட்டவைத்தும் ஒட்டவில்லை. எந்தப் பெயர் ஒட்டும் என்பதை இட்டவர் யார் என்பது தீர்மானிக்கவில்லை. அந்தப் பெயரோடு தங்கள் குலத்தை வைத்துக்கொள்ள முடிந்ததா என்பது தீர்மானித்ததாகத் தெரிகிறது. பீட்டர்சனின் அதிகாரிகளும் பிக்கர்மனின் நம்பிக்கையாளர்களும் ஒரே பத்தாண்டில் ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கத் தடையில்லை.

ஆனால் ஒப்பீட்டின் எல்லையும் கண்கூடு. அந்தியோக்கியாவில் பெயர் புதிதாகப் பிறந்தது. முத்துக்குளித்துறைக்கு அது 1,500 ஆண்டு வயதோடு கப்பலில் வந்தது. பிறப்பைப் பற்றிய கேள்விக்குக் குடியேற்றத்தின் சான்று நேரடி விடை ஆகாது. மேலும், கரையின் சான்றுகளில் பெரும்பங்கு போர்ச்சுகீசியத்திலும் இலத்தீனிலும் எழுதிய குருக்களுடையது. பரவர்கள் சொன்னதாக அவர்கள் எழுதியதே நம்மிடம் இருக்கிறது. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கேட்டார். கிறித்தவர் என்று அந்த மக்கள் சொன்னபோது வாயிலிருந்து வந்த சொல் கிரீசித்தியானியா, வேறொன்றா என்பது கடிதத்திலிருந்து தெளிவாவதில்லை.

தீராமல் நிற்பவற்றுள் முக்கியமானது, வேதக்காரர் என்ற வழக்கு கடலோரத்தில் தொடங்கி உள்நாட்டுக்குப் போனதா, நொபிலி தொடங்கிய மதுரை மிஷனிலிருந்து கரைக்கு இறங்கியதா என்பது. மதுரை மிஷனிலிருந்து இறங்கியது என்றால், நொபிலி விலக்கி நிறுத்திய பரவர்களே பின்னாளில் அவர் அமைத்த பெயரை ஏற்றார்கள் என்றாகும். கடலோரத்தில் தொடங்கியது என்றால், பரங்கிப் பெயரிலிருந்து விடுபடும் வழியை நொபிலிக்கு முன்பே அவர்கள் கண்டிருந்தார்கள் என்றாகும். அன்றிக்கஸின் அச்சு நூல்களையும் சேசு சபைக் கடிதங்களில் ஆங்காங்கே தமிழ் ஒலியிலேயே எழுதப்பட்டிருக்கும் சொற்களையும் ஒன்றோடொன்று வைத்துப் படிப்பதுதான் இதில் அடுத்த வேலை.